கை எட்டும் உயரத்தில் ஒரு வண்டி

கேள்வி இது: “1980களில் அமெரிக்காவில் ஓடிய சின்ன பிக்கப் வண்டிகளை, அதிலும் கெடாமல் பிழைத்து வந்தவற்றை, ஏன் இப்படித் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்? ஏர்பேக் இல்லை, வேகம் இல்லை, மூன்று பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். பழைய ஞாபகத்தைத் தவிர அதில் அப்படி என்ன இருக்கிறது?”

பழைய ஞாபகத்துக்கு ஒரு பங்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டிகளைத் தேடுகிறவர்களில் பலர், இவை ஷோரூமில் நின்ற காலத்தில் பிறக்கவே இல்லை. 25 வயதுக்காரருக்கு 1985 பற்றி என்ன ஞாபகம் இருக்க முடியும்? அவரையும் இழுக்கிறது என்றால் விஷயம் வண்டியிலேயே இருக்கிறது.

என்னிடம் இருப்பது 1985 மாடல் டொயோட்டா. பின்சக்கர இழுவை, ஐந்து கியர், ஒற்றை பெஞ்ச் சீட். பல வருடங்களாக ஓட்டுகிறேன். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டியின் விளிம்புக்கு மேலே கையை நீட்டினால் உள்ளங்கை தொட்டியின் தரையில் படும். எக்க வேண்டாம், ஏற வேண்டாம். முன் மூலைக்கு உருண்டு போன ஸ்பேனரைக்கூட வெளியே நின்றபடியே எடுத்துவிடலாம். இன்றைய பெரிய பிக்கப் ஒன்றின் பக்கத்தில் நின்று இதைச் செய்து பாருங்கள். விளிம்பு நெஞ்சு உயரத்தில் இருக்கும். கை காற்றில் தொங்கும். ஏறி இறங்கச் சிரமம் என்பதால் பின்கதவுக்குள்ளேயே மடிப்புப் படிக்கட்டு வைத்து விற்கிறார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்று செய்த வண்டியில் சரக்கை எடுக்க ஏணி தேவைப்படுகிறது.

என் பதில் முழுவதும் இந்தக் கை நீட்டலில் அடங்கும். அந்த வண்டிகள் சாதாரண உடம்புள்ள ஒரு மனிதரை அளவுகோலாக வைத்துச் செய்யப்பட்டவை. தொட்டியின் தரை கைக்கு எட்டும். எஞ்சினின் பாகங்கள் கைக்கு எட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் எட்டிச் சுழற்றி இறக்கிவிடலாம். வண்டி எங்கே முடிகிறது என்பது ஓட்டுகிறவரின் கண்ணுக்கு எட்டும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 1983 மாடலாக வந்த முதல் ஃபோர்டு ரேஞ்சரின் குட்டைத் தொட்டி வண்டி சுமார் 4.46 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். இன்று அமெரிக்காவில் கிடைப்பவற்றில் ‘சின்ன பிக்கப்’ என்று ஃபோர்டு விற்கும் மேவரிக் 5 மீட்டரைத் தாண்டுகிறது, அகலம் 1.84 மீட்டர். இன்றைய டொயோட்டா டகோமா 5.4 மீட்டருக்கு மேல். 1980களின் டொயோட்டாவோ டாட்சனோ (நிசானின் பழைய பெயர்) ஏறத்தாழ 1,200 கிலோ எடைதான். அந்த எடையைத் தள்ள 100 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின் போதும். மெதுவான வண்டிதான், ஆனால் திணறாது.

இவை அமெரிக்காவுக்கு எப்படி வந்தன என்பதில் ஒரு கோழிக் கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகள் வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நான்கு பொருள்கள் மேல் 25 சதவீத இறக்குமதி வரி போட்டார்: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக். குறி வைத்தது ஃபோக்ஸ்வாகனை. மற்றவற்றின் மேலிருந்த வரி காலப்போக்கில் போய்விட்டது. டிரக் வரி மட்டும் நின்றுவிட்டது. ‘சிக்கன் டாக்ஸ்’ என்ற பெயரும் நின்றுவிட்டது.

ஜப்பானியக் கம்பெனிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. தொட்டி இல்லாத வெறும் சேஸிஸும் (அடிச்சட்டம்) கேபினுமாக இறக்கினால் வரி 4 சதவீதம்தான். அப்படி இறக்கி, அமெரிக்க மண்ணில் தொட்டியைப் பொருத்தி விற்றார்கள். டொயோட்டாவுக்குக் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தொட்டி செய்யும் ஆலை இருந்தது. அமெரிக்கக் கம்பெனிகளும் 1972இலேயே ஜப்பான் வண்டிகளைத் தங்கள் பெயரில் விற்கத் தொடங்கியிருந்தன. ஃபோர்டு கூரியர் என்பது மாஸ்டா. ஷெவர்லே லவ் என்பது இசுசு. 1973இலும் 1979இலும் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஒரு கேலன் பெட்ரோலுக்குக் கூடுதல் தூரம் போகும் இந்தச் சின்ன வண்டிகளின் பக்கம் மக்கள் திரும்பினார்கள். 1980இல் அந்த 4 சதவீத வழியை அரசு அடைத்தது. சுபாரு மட்டும் பிராட் என்ற வண்டியின் தொட்டிக்குள் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, “இது பயணிகள் வண்டி” என்று குறைந்த வரியில் இறக்கிக்கொண்டிருந்தது. ரொனால்ட் ரீகன் தன் கலிஃபோர்னியப் பண்ணையில் அப்படி ஒரு பிராட் வைத்திருந்தார்.

1982இல் ஷெவர்லே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் இரண்டும் களத்தில் இறங்கிவிட்டன. 1983 ஜூனில் டென்னசியின் ஸ்மெர்னா ஆலையில் நிசான் தன் முதல் அமெரிக்க வண்டியைச் செய்தது. அது கார் அல்ல, வெள்ளை நிற 720 பிக்கப். பென்சில்வேனியாவில் ஃபோக்ஸ்வாகன் தன் ராபிட் காரையே பிக்கப்பாக்கிக் கொஞ்ச காலம் விற்றது. மாஸ்டா, மிட்சுபிஷி, இசுசு, டாட்ஜ், பத்தாண்டின் நடுவில் ஜீப் கமாஞ்சி என்று ஒரே அளவு வண்டிக்கு இத்தனை பேர் போட்டி போட்ட காலம் அதற்குப் பிறகு வரவில்லை. போட்டி இருந்ததால் விலை குறைவு, தேர்வு அதிகம். பின் பம்பர்கூடத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய மொட்டை வண்டியும் கிடைத்தது. பக்கவாட்டில் மூன்று வண்ணக் கோடு ஓடும் பகட்டு வண்டியும் கிடைத்தது.

சரி, பானெட்டைத் திறப்போம். டொயோட்டாவின் 22ஆர் எஞ்சின் 2,366 சிசி, நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக். அதைச் சுற்றி இவ்வளவு வெற்றிடம் இருக்கிறது, குனிந்து பார்த்தால் கீழே தரை தெரியும். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர் என்று ஒவ்வொன்றையும் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இது இதைச் சுற்றுகிறது, அது அதைத் திறக்கிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். நான் வண்டி வேலை கற்றுக்கொண்டது இப்படித்தான். நிசான் 720இல் நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக் இருக்கும். புகையைக் குறைக்க அவர்கள் கண்ட வழி அது. முதலில் பார்க்கிறவர்கள் எண்ணி எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். “பழைய வண்டி என்றால் எல்லாம் எளிமை” என்பது பாதி உண்மைதான். 1980களின் கார்புரேட்டர் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஓடும் வாக்குவம் ரப்பர் குழாய்கள் நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றும் இறுகி, வெடித்து, காற்றை உறிஞ்சும். ஐடிலிங் தடுமாறும், காரணம் பிடிபடாது. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வாக்குவம் குழாய் வரைபட ஸ்டிக்கர் படிக்கிற நிலையில் இருந்தால் அது பெரிய வரம். அதனால்தான் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்த 22ஆர்இ எஞ்சினை எல்லோரும் விரும்புகிறார்கள், நானும்தான். கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை உண்டு என்பதால் அங்கே இந்தக் குழாய்களை யாரோ பிடுங்கிப் போட்ட வண்டியை வாங்குவது தலைவலி.

அடுத்து, “பழுதில்லாமல் பிழைத்தது” என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு. லட்சக்கணக்கில் விற்ற வண்டிகள் இவை. ஆனால் யாரும் பத்திரப்படுத்தவில்லை. விலை குறைந்த உழைப்பு வண்டியை எதற்குப் பத்திரப்படுத்துவது? செங்கல் ஏற்றினார்கள், மண் ஏற்றினார்கள், மூன்றாவது நான்காவது கைக்கு மாறியபோது சர்வீஸும் நின்றுபோனது. பனி விழும் மாநிலங்களில் சாலையில் கொட்டும் உப்பு சேஸிஸைத் தின்றது. நல்ல நிலையில் இருந்தவற்றைத் தெற்குக் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘மினி டிரக்’ மோகம் எடுத்துக்கொண்டது: தரையைத் தொடும் அளவு இறக்கி, தொட்டியை வெட்டி, நிறத்தை மாற்றினார்கள். அந்தக் கலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருமுறை வெட்டிய தகடு பழைய தகடு ஆகாது.

எனவே இன்று ஒரு வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த பெயின்ட்டோடு, தொட்டி நசுங்காமல் நிற்கிறது என்றால் அதன் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதர் இருந்திருப்பார். தோட்டத்துக்கு உரம் வாங்கி வருவார், பழைய சாமானைக் கொட்டிவிட்டு வருவார், வந்ததும் தொட்டியைக் கழுவி ஷெட்டில் விடுவார். வண்டியைப் பார்த்தால் அவர் பழக்கம் தெரியும். நான் பார்த்த ஒரு வண்டியில் தொட்டித் தரையில் பெயின்ட் அப்படியே இருந்தது; இரண்டே இரண்டு நேர்கோட்டுத் தேய்மானம், முன்னாலிருந்து பின்கதவு வரை. அந்த மனிதர் எதையோ ஒரே மாதிரி, ஒரே இடத்தில், வருடக்கணக்கில் தள்ளி ஏற்றியிருக்கிறார். என்ன என்று விற்ற மகளுக்கும் தெரியவில்லை. அந்தக் கோடுகள் மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னால் நான் அடிக்க மாட்டேன்.

இங்கேதான் ரெஸ்டோர் செய்த, அதாவது புதுப்பித்த, வண்டிக்கும் பிழைத்த வண்டிக்கும் வித்தியாசம். ரெஸ்டோர் செய்ததில் எவ்வளவு திறமை இருந்தாலும் பார்ப்பது இன்றைய கைவேலையை. பிழைத்ததில் சீட்டின் கீழே ஒட்டிய தொழிற்சாலைக் காகிதம், சீட்டுக்குப் பின்னால் ஒருமுறைகூடத் தூக்காத ஜாக்கி, வெல்டிங் புள்ளிகள் என்று அந்தக் காலத்தில் வண்டியை எப்படிச் செய்தார்கள் என்பதற்கான சாட்சி அப்படியே இருக்கிறது. எனக்கு வெயிலில் மங்கிய ஒரிஜினல் பெயின்ட்டே போதும்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, நெவாடா போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து வரும் வண்டிகளுக்குத் தனி மரியாதை உண்டு. துரு இருக்காது. ஆனால் வெயில் வேறு வகையில் வாங்கிவிடும்: டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருக்கும், ரப்பர் எல்லாம் பொடியாகும், பானெட்டின் பெயின்ட் வெளுத்திருக்கும். தகடு நன்றாக இருந்து டேஷ்போர்டு போயிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். தலைகீழாக இருந்தால் வேண்டாம்.

நான் முதலில் வாங்கிய வண்டியில் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் பளபளவென்று நின்றது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று புரியாத வயது எனக்கு. இரண்டாவது மழைக்காலத்தில் கேபினின் பின் மூலை கீழே உப்பி, விரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போனது. அதற்கப்புறம் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் இல்லாமல் நான் எந்த வண்டியையும் பார்க்கப் போனதில்லை. கேபின் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன் மட்கார்டின் அடிப்பாகம், தொட்டியின் சக்கர வளைவு ஆகிய நான்கு இடத்திலும் காந்தம் கவ்வ வேண்டும். வழுக்கினால் உள்ளே பட்டிதான். பிறகு படுத்து சேஸிஸைப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

“43,000 மைல்தான் ஓடியது” என்பார்கள். அந்தக் காலத்து ரேஞ்சர், எஸ்-10 போன்றவற்றின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 43,000 என்பது 1,43,000 ஆக இருக்கலாம். மீட்டரை விட்டுவிட்டு கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள், இடது ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று. டிரைவர் பக்கத்துச் சீட்டின் விளிம்பு நைந்திருக்கிறதா? கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் கீல் ஆடுகிறதா? இந்த மூன்றும் மீட்டரைவிட உண்மையான கணக்குச் சொல்லும்.

22ஆர் குடும்ப எஞ்சின் என்றால் இன்னொன்று. 1980களின் நடுவில் வந்த இவற்றில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) ஒற்றை வரிசை. அதைத் தாங்கும் வழிகாட்டிப் பட்டைகள் பிளாஸ்டிக். வருடங்கள் போகப் போக டிரைவர் பக்கத்துப் பட்டை உடைந்து ஆயில் தொட்டிக்குள் விழும். தாங்க ஆளில்லாத செயின் தன் மூடியின் உட்சுவரை அறுக்கத் தொடங்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் கூலண்ட் ஓடுகிறது. சுவர் அறுந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்கும், எஞ்சின் போய்விடும். அறிகுறி எளிது: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்தில் சில நொடி கடகடவென்ற சத்தம். அதனால் பார்க்கப் போனதும் முதலில் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்; ஆறும்வரை காத்திருங்கள் அல்லது இன்னொரு நாள் போங்கள். வால்வு மூடியைக் கழற்ற அனுமதி கிடைத்தால் டார்ச் அடித்துப் பட்டை இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இப்போது இரும்பு முதுகு வைத்த பட்டைகள் கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றினால் அந்தக் கவலை விட்டது.

எந்த வண்டி வாங்கலாம்? விலை ஏறிப்போனது டொயோட்டாவின் ஃபோர் வீல் டிரைவ்தான், அதிலும் 1985. முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு ஆக்சில் வந்த கடைசி வருடம் அது. 1986இல் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டார்கள். பாறையில் ஏறுகிறவர்களுக்கு அது முக்கியம். அப்படிப் போகாதவர்கள் அதற்குப் பணம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. தாழ்வாக நிற்கும் பின்சக்கர இழுவை வண்டியில்தான் நான் முதலில் சொன்ன கை எட்டும் உயரம் இருக்கிறது. நிசான் 720, மாஸ்டா பி2000, பி2200 மூன்றும் அருமையான வண்டிகள். எஞ்சின் பாகங்களுக்குப் பெரும்பாலும் வழி உண்டு. டேஷ்போர்டு, கிரில், விளக்கு ஓரங்கள், கேபின் உள்பக்க பிளாஸ்டிக்தான் கிடைக்காது. அவை முழுசாக உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்க முடியாது. 1980களில் இந்த வண்டிகள் எதிலும் ஏர்பேக் இல்லை. பலவற்றில் தலைக்குப் பின்னால் தாங்கல்கூட இல்லை. நடுவில் உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு டிரக்குகளுக்குக் கட்டாயமானது 1993 செப்டம்பரில்தான். தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடை இல்லை. நனைந்த சாலையில் சட்டென்று பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். நான் என் வண்டியில் நெடுஞ்சாலையின் வேகப் பாதைக்குப் போவதில்லை; முன்வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன். சின்னக் குழந்தையை ஏற்றிப் போவதற்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் பாதுகாப்பும் சேர்த்து இதே அளவில் புதியதாக ஒன்று செய்யலாமே? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதி 2011க்குள் வண்டியின் ‘காலடித் தடம்’, அதாவது சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பு, என்ற கணக்குக்கு மாறியது. தடம் பெரிதானால் எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு குறையும். சின்ன பிக்கப்புக்குக் கடுமையான இலக்கு, ஆனால் லாபம் குறைவு. பழைய ரேஞ்சரின் கடைசி அமெரிக்க வண்டி 2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையில் முடிந்தது. அதே பெயர் 2019இல் திரும்பி வந்தபோது வண்டி வளர்ந்திருந்தது. வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றால் அந்தக் கோழி வரி இன்னும் வாசலில் நிற்கிறது. விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய வண்டியில் லாபம் அதிகம், வாங்குகிறவர்களும் நான்கு கதவு கேட்டார்கள். எப்படியோ, கடைக்குப் போய்ப் புதியதாக வாங்க முடியாத அளவு அது. கெடாமல் மிஞ்சிய பழைய வண்டிதான் அந்த அளவு கிடைக்கும் ஒரே இடம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் உற்சாகத்தில் உடனே ஓட்டிப் போகாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். அதில் கடைசியில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன்பு செய்தது. கோடுகள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் செத்துவிட்டது. நான்கையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில், பிரேக்கின் ரப்பர் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள். டாங்கில் நின்ற பெட்ரோலை முழுசாக இறக்கிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியில் பழைய டயரே இருந்தால் அதை ஓட்டத்துக்கு நம்ப வேண்டாம். புதிய ஸ்டெப்னி ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பழையது அந்த இடத்திலேயே தொங்கட்டும், தொழிற்சாலையில் மாட்டியபடி.